ஹெட்போனா, இயர்பட்ஸா? முதலில் அந்த வலது காதைப் பார்த்துவிடுவோம்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 34. புதுச்சேரியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. வாரத்தில் ஆறு நாள் பஸ்ஸில் போய் வருகிறார்; போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். பஸ் ஏறியதும் காதில் இயர்பட்ஸ் ஏறிவிடும். அலுவலகத்தில் தினமும் இரண்டு மணி நேரம் போன், மீட்டிங். வீட்டுக்கு வந்ததும் சமையல் முடியும்வரை பாட்டு. படுத்தபிறகு கதை கேட்டுக்கொண்டே தூங்கிப்போவாராம், இடது காதில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு. ஏன் இடது காது மட்டும்? வலது காதில் இரண்டு மாதமாக அரிப்பு. சின்ன வயதில் அந்தக் காதில் சீழ் வடிந்து, ஏழாம் வகுப்பு படிக்கும்போது தானாக நின்றுவிட்டதாக நினைவு. அரிப்புக்கு அம்மா பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய் விடுகிறார். இரண்டு நாள் அடங்குகிறது, அப்புறம் மறுபடி அரிக்கிறது. சில இரவுகளில் இயர்பட்ஸைக் கழற்றியதும் காதுக்குள் மெல்லிய விசில் சத்தம் கேட்கிறது, காலையில் போய்விடுகிறது.

அவருடைய தம்பி பிறந்தநாளுக்கு 5,000 ரூபாய்க்குள் ஏதாவது வாங்கித் தருகிறேன் என்கிறார். உடன் வேலை செய்யும் தோழியோ, "இயர்பட்ஸ் செவிப்பறையைக் கிழித்துவிடும், ஹெட்போன் வாங்கிக்கொள், அது காதுக்கு வெளியில்தானே இருக்கிறது, ஒன்றும் ஆகாது" என்கிறார். கூடவே, நாய்ஸ் கேன்சலிங் (வெளி இரைச்சலைக் குறைக்கும் வசதி) வேண்டாம், அது மூளையை அழுத்தும், புளூடூத் கதிர்வீச்சு வேறு என்றும் பயமுறுத்தியிருக்கிறார். வாசகியின் கேள்வி இதுதான்: "ஹெட்போனுக்கு மாறிவிட்டால் நான் இப்போது கேட்பதுபோலவே கேட்கலாம் அல்லவா, டாக்டர்? பதிமூன்று வயது மகளும் ஒன்று கேட்கிறாள். அவளுக்கு எதை வாங்குவது?"

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கேள்விக்குச் சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஏற்றது காதை முழுதாக மூடும், நாய்ஸ் கேன்சலிங் உள்ள ஹெட்போன். ஆனால் தோழி சொன்ன காரணத்துக்காக இல்லை. அதோடு, இப்போது கேட்பதுபோலவே கேட்கலாம் என்றால், அது முடியாது. இன்னொன்று: எதை வாங்குவதாக இருந்தாலும் வலது காதை ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்க்கும்வரை அந்தக் காதை எதனாலும் அடைக்காதீர்கள்.

செவிப்பறை கிழியாது, பாதிப்பு அதற்கும் உள்ளே

பாட்டுச் சத்தத்தால் செவிப்பறை கிழிவதில்லை. வெடி காதருகில் வெடித்தால் கிழியும், கன்னத்தோடு சேர்த்து ஓங்கி அறைந்தால் கிழியும், ஊக்கையோ ஹேர்பின்னையோ விட்டுக் குடைந்தால் கிழியும். இயர்பட்ஸ் அந்தக் கூட்டத்தில் சேராது. அதிகச் சத்தம் கெடுப்பது உள்காதை. அங்கே நத்தைக்கூடு போலச் சுருண்ட காக்ளியா என்ற உறுப்பில், ஒரு காதுக்குச் சுமார் 15,000 நுண்ணிய மயிரிழை செல்கள் இருக்கின்றன. ஒலியதிர்வை மின்சமிக்ஞையாக்கி நரம்புக்குக் கொடுப்பவை அவைதான். மனிதருக்கு அவை ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. செத்துக்கொண்டிருக்கும்போது வலிப்பதும் இல்லை. "எனக்கு வலியே இல்லை, அதனால் காது நன்றாகத்தான் இருக்கிறது" என்று கடிதத்தில் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். வலியை வைத்து இதை எடைபோட முடியாது.

உள்காதுக்கு ஒலி எங்கிருந்து வந்தது என்பது தெரியாது. இயர்பட்ஸ் செவிப்பறைக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஹெட்போன் சற்றுத் தள்ளி இருக்கிறது, உண்மைதான். ஆனால் நீங்கள் ஒலியைக் கூட்டுவது உங்கள் காதுக்குப் போதும் என்று தோன்றும்வரை. எந்தக் கருவியானாலும் அந்த அளவு செவிப்பறையை வந்தடையும்வரை கூட்டிக்கொண்டேதான் போவீர்கள். ஆகவே ஹெட்போன் தன்னளவில் பாதுகாப்பானது என்று ஒன்று இல்லை. எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம், இந்த இரண்டும்தான் கணக்கு.

அந்தக் கணக்கை உலக சுகாதார நிறுவனம் வார அளவில் சொல்கிறது. பெரியவர்களுக்குச் சத்தம் 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83-க்கு 20 மணி, 86-க்கு 10 மணி. 90 டெசிபல் என்றால் வாரம் முழுவதற்கும் 4 மணி நேரம்தான். டெசிபல் என்பது மடக்கைக் (லாகரிதம்) கணக்கு என்பதால் 80-க்கும் 90-க்கும் உள்ள வித்தியாசம் பார்ப்பதற்குச் சின்னதாகத் தெரியும். ஒலியாற்றலில் அது பத்து மடங்கு.

இப்போது உங்கள் பஸ்ஸை எடுத்துக்கொள்வோம். ரெட்டிச்சாவடி, கன்னிக்கோவில், தவளக்குப்பம் வழியாக ஜன்னல் திறந்த பஸ்ஸில் வருகிறீர்கள். இன்ஜின், காற்று, தடையை மதிக்காத ஏர் ஹாரன் எல்லாம் சேர்ந்தால் உள்ளே இரைச்சல் 80 டெசிபலை எளிதாகத் தொடும். தனியார் பஸ் என்றால் டிரைவர் தன் ரசனைக்குப் பாட்டும் போட்டிருப்பார். அதற்கு மேலே உங்கள் பாட்டு தெளிவாகக் கேட்க வேண்டும் என்றால் எவ்வளவு கூட்டுவீர்கள்? "முழுசுக்கு ஒரு கட்டம் கீழே" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முழுச் சத்தத்தில் 100 டெசிபலைத் தொடும் கருவிகள் சாதாரணம். உங்களுடையதைக் குத்துமதிப்பாக 90 என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்குப் போகவர இரண்டு மணி நேரம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆல்பேட்டையைத் தாண்டும்போது அந்த வாரத்துக்கான உங்கள் கணக்கு தீர்ந்துவிடுகிறது. மீதி நான்கு நாள் பஸ், அலுவலக மீட்டிங், சமையலறை, படுக்கை எல்லாமே கடன்.

இரவில் வரும் அந்த விசில் சத்தத்தை நான் இதோடுதான் சேர்த்துப் பார்க்கிறேன். சத்தத்தில் களைத்துப்போன உள்காது இப்படித்தான் முறையிடும். சிலருக்குக் காது அடைத்தாற்போல் மந்தமாகவும் இருக்கும். காலையில் சரியாகிவிடுகிறது என்பது ஆறுதல்தான். ஆனால் திரும்பத் திரும்ப வந்தால் ஒருநாள் போகாமலே தங்கிவிடலாம்.

இன்னொரு பழக்கமும் உங்களுக்குப் பாதகம். இரண்டு காதாலும் கேட்கும்போது அதே ஒலி கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். ஒரே காதில் வைத்தால் அந்த ஈடு போய்விடுகிறது, அதனால் கட்டை விரல் தானாக ஒலியைக் கூட்டும். வலது காதுக்கு ஓய்வு கொடுக்கிறேன் என்று இடது காதை இரட்டை வேலை வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

வலது காது

கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சீழ் வடிந்த காது, தானாக நின்றது, இப்போது அரிப்பு, தலைக்குக் குளித்தால் நீர் தங்கியதுபோல் இருப்பது. சின்ன வயதில் நீண்ட நாள் சீழ் வடிந்திருந்தால் செவிப்பறையில் ஓட்டை விழுந்திருக்க வாய்ப்பு உண்டு. சிலருக்கு அது மூடிவிடும். சிலருக்கு மூடாது, சீழ் நிற்கும், ஓட்டை இருக்கும், அவர்களுக்கே தெரியாது. உங்களுக்கு இதில் எது என்று கடிதத்தைப் படித்துச் சொல்ல முடியாது. காதுக்குள் விளக்கு வைத்துப் பார்த்தால் சில நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஓட்டை இருக்கிற காதில் எண்ணெய் விட்டால் அது நடுக்காதுக்குள் போய்ச் சேரும். அம்மாவிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம். நம் ஊரில் எந்த வீட்டில்தான் காதுக்கு எண்ணெய் விடவில்லை? ஆனால் இனி நிறுத்தச் சொல்லுங்கள். பூண்டு எண்ணெய், இளஞ்சூட்டு எண்ணெய், தாய்ப்பால், மூலிகைச் சாறு எதுவும் வேண்டாம். மருந்துக்கடையில் "காதுக்குச் சொட்டு மருந்து கொடுங்கள்" என்று கேட்டு வாங்குவதும் வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் ஜென்டாமைசின் போன்ற மருந்து கலந்த சில சொட்டுகள் உள்காதுக்கே கெடுதல் செய்யலாம்.

அடுத்தது அரிப்பு. கடற்கரை ஊர்களில் இந்த அரிப்போடு வருகிறவர்கள் நிறையப் பேர். காதுத் துளையில் பூஞ்சை பிடித்திருக்கும். ஆஸ்பர்ஜில்லஸ், கேண்டிடா என்ற இரண்டு வகைதான் பெரும்பாலும். அவற்றுக்கு வேண்டியதெல்லாம் சூடு, ஈரம், காற்றோட்டம் இல்லாத இடம். கடலூர், புதுச்சேரியின் புழுக்கத்துக்குக் கேட்கவே வேண்டாம். ஐப்பசி மழையில் சரியாகக் காயாத துணியை மடித்து டப்பாவில் வைத்து மூடினால் என்ன ஆகுமோ, ஈரக் காதில் ரப்பர் முனையுள்ள இயர்பட்ஸை மணிக்கணக்கில் செருகி வைத்தால் அதுவேதான் ஆகும். எண்ணெய் விட்டதும் இரண்டு நாள் அடங்குவது, வறண்டு அரிக்கும் தோல் கொஞ்சம் இளகுவதால். பூஞ்சை இருந்தால் எண்ணெய்க்கு அது போகாது. படலத்தை மருத்துவர் உறிஞ்சி எடுத்துச் சுத்தம் செய்து, பூஞ்சைக்கான மருந்தைக் கொடுத்து, சில வாரம் காதை ஈரமில்லாமல் வைத்திருந்தால் சரியாகும். பூஞ்சை என்று தெரியாமல் ஆன்டிபயாட்டிக் சொட்டுகளை விட்டுக்கொண்டே இருந்தால் அது இன்னும் செழிக்கும். அரிப்புக்குத் தோல் அலர்ஜி, பழைய குறும்பி என்று வேறு காரணங்களும் உண்டு, அதனால் நானாக மருந்துப் பெயர் எழுதவில்லை.

அரிப்புக்குப் பஞ்சுக் குச்சி விட்டுச் சுழற்றுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். குறும்பி அழுக்கு இல்லை. தோலைக் காப்பதற்காகக் காது தானே சுரக்கும் பொருள் அது, தானே மெல்ல வெளியில் நகர்ந்தும் வரும். அதைக் குச்சியும் இயர்பட்ஸும் மறுபடி உள்ளே தள்ளி இறுக்குகின்றன. காதில் குச்சி போகவே வேண்டாம். தலைக்குக் குளிக்கும்போது கொஞ்சம் வாசலின் தடவிய பஞ்சைக் காதின் வாயில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்; குளித்ததும் எடுத்துவிட்டு, துண்டின் நுனியால் வெளிப்புறம் ஒற்றினால் போதும். தேவனாம்பட்டினம் போனால் கரையோடு சரி, இப்போதைக்கு முழுக்கு வேண்டாம்.

சிகிச்சை முடியும்வரை வலது காதில் எதையும் வைக்காதீர்கள். ஹெட்போனும் அந்தக் காதை மூடத்தான் செய்யும். முடிந்தபிறகு இப்போதைய இயர்பட்ஸின் ரப்பர் முனைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதியதைப் போட்டுக்கொள்ளுங்கள். பூஞ்சை ஒட்டிய அதே முனையைச் சுத்தமான காதில் மறுபடி செருகுவதில் என்ன பயன்?

பஸ்ஸுக்கு எது, மற்ற இடத்துக்கு எது

காது சரியாகி, மருத்துவரும் ஒப்புக்கொண்டபிறகு எதை வாங்குவது என்பதற்கு வருவோம். வெளி இரைச்சலைக் குறைத்துக் கொடுக்கும் கருவிதான் ஒலியைக் குறைக்கவிடும். பஸ்ஸில் இதுதான் ஒரே அளவுகோல்.

காதின் வாயில் தொங்கும், ரப்பர் முனை இல்லாத இயர்பட்ஸ் இருக்கிறதே, அது காதை அடைப்பதில்லை, அதனால் பூஞ்சைக்கு நல்லது. ஆனால் பஸ் இரைச்சல் முழுவதும் உள்ளே வரும், நீங்கள் ஒலியைக் கூட்டுவீர்கள். ரப்பர் முனை உள்ளது இரைச்சலை நன்றாகத் தடுக்கும், அதனால் குறைந்த சத்தத்தில் கேட்கலாம். நல்ல காதுள்ள ஒருவர் என்னிடம் கேட்டால் அதையே தாராளமாக வாங்கச் சொல்வேன். உங்களுக்குத் தயங்குவது அந்த வலது காதுக்காக மட்டும்தான். காதுமடலின் மேலேயே உட்காரும் சின்ன ஹெட்போன் இரண்டுக்கும் நடுவில்: இரைச்சலையும் தடுக்காது, தோட்டின் திருகாணியையும் அழுத்தி ஒரு மணி நேரத்தில் காதுமடலை நோகடிக்கும். அதை விட்டுவிடுங்கள்.

மிச்சம் இருப்பது காதைச் சுற்றி முழுதாக மூடும் ஹெட்போன். அது துளைக்குள் போவதில்லை, குறும்பியைத் தள்ளுவதில்லை. இதிலும் குறைகள் இல்லாமல் இல்லை. மே மாதம் மதியம் மெத்தைக்குள் வியர்த்து வழியும். ஜிமிக்கி போட முடியாது. தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு பட்டையை மாட்டினால் பூவும் போச்சு. தலைக்குக் குளித்து முடி ஈரமாக இருக்கும் அன்று போடவே கூடாது. மெத்தையின் தோல் நம் ஊர் வியர்வைக்குச் சீக்கிரமே உரியத் தொடங்கிவிடும், அதனால் தனியாக மெத்தை வாங்கி மாற்றக்கூடிய மாடலா என்று கடையில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். வாங்கும் முன் ஐந்து நிமிடமாவது தலையில் மாட்டிப் பாருங்கள். கண்ணாடி அணிபவராக இருந்தால் கண்ணாடியோடு. பேட்டரி விஷயத்தில் ஹெட்போனுக்கே என் ஓட்டு. நெரிசலில் ஒன்று கழன்று சீட்டுக்கு அடியில் உருண்டுபோகிற கவலையும் இல்லை.

நாய்ஸ் கேன்சலிங் மூளையை அழுத்தும் என்பது தவறு. கருவியில் உள்ள மைக் வெளி இரைச்சலைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை உருவாக்கி, இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும்படி செய்கிறது. அவ்வளவுதான். போட்டதும் காது அடைத்தாற்போல் சிலருக்குத் தோன்றும். சுற்றியிருந்த தாழ்ந்த இரைச்சல் சட்டென்று மறைவதால் வரும் உணர்வு அது, உண்மையில் காதுக்குள் அழுத்தம் ஏறுவதில்லை. ஒத்துவரவில்லை என்றால் அந்த வசதியை அணைத்துவிட்டுக் கேட்கலாம். பஸ் இன்ஜினின் விடாத உறுமலுக்கு இது நன்றாக வேலை செய்யும். ஹாரனுக்கும் பக்கத்து சீட்டுக்காரரின் போன் பேச்சுக்கும் அவ்வளவாகச் செய்யாது. அட்டைப்பெட்டியில் "இத்தனை டெசிபல் வரை குறைக்கும்" என்று பெரிதாக அச்சிட்டிருப்பதை நம்பிக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். சோதனை அறையில், ஏதோ ஒரு அலைவரிசையில் கிடைத்த உச்ச எண்ணாகத்தான் அது பெரும்பாலும் இருக்கும். 5,000 ரூபாய்க்குள் உருப்படியான ஹெட்போன்கள் கிடைக்கின்றன.

ஆனால் ஒன்று: நாய்ஸ் கேன்சலிங் போட்டுக்கொண்டு, பாட்டைப் பழைய கட்டத்திலேயே வைத்திருந்தால் வாங்கியதே வீண். முதல் நாள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, வசதியைப் போட்டுவிட்டு, ஒலியை அடியிலிருந்து ஒவ்வொரு கட்டமாக ஏற்றுங்கள். வார்த்தை புரிந்ததும் நிறுத்திவிடுங்கள். அதுதான் உங்கள் எல்லை. போனின் முழு ஒலியில் 60 சதவீதத்துக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. சாம்சங் போனில் மீடியா வால்யூமுக்கு உச்சவரம்பு வைக்க இடம் இருக்கிறது. ஐபோனில் ஹெட்போனில் கேட்ட அளவை வாரக்கணக்காகவே காட்டும்.

பஸ்ஸை விட்டு இறங்கும் முன் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். புதுச்சேரி பேருந்து நிலைய வாசலில் சாலையைக் கடக்கும்போதும், தண்டவாளத்தைக் கடக்கும்போதும் காது திறந்திருக்க வேண்டும். ஸ்கூட்டி ஓட்டும்போது ஒற்றைக் காதில்கூட வேண்டாம். ஹெல்மெட்டுக்குள் இயர்பட்ஸ் வைத்துக்கொண்டு ஈ.சி.ஆரில் போகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அலுவலக மீட்டிங்குக்கு அமைதியான அறை என்றால் போனையோ லேப்டாப்பையோ ஸ்பீக்கரில் வைத்துப் பேசலாமே. சமையலறைக்கு எதற்குக் காதில் கருவி? ஒரு சின்ன ஸ்பீக்கரை அலமாரியில் வைத்துவிடுங்கள். குக்கர் விசிலும் கேட்கும், மகள் கூப்பிடுவதும் கேட்கும். இரவில் கதை கேட்பதற்கும் அப்படியே. போனைத் தலைமாட்டில் வைத்து, மெல்லிய ஒலியில், அரை மணி நேரத்தில் தானாக நிற்கும்படி டைமர் போட்டுக்கொள்ளுங்கள். ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு இயர்பட்ஸ் வைத்தால் தலையணை அதைத் துளைக்குள் அழுத்தும், தூங்கிப்போனால் விடியும்வரை காது மூடியே கிடக்கும். இந்த மூன்றையும் மாற்றினாலே காதில் கருவி இருக்கும் நேரம் பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

எலும்பு வழியாக ஒலியைக் கடத்தும் போன் கன்டக்ஷன் (bone conduction) ஹெட்போன் பற்றித் தம்பி சொல்லக்கூடும். காதுத் துளையைத் திறந்தே வைப்பதால் சீழ் வடியும் காதுள்ளவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதுண்டு. உங்கள் செவிப்பறையில் ஓட்டை இருப்பது தெரியவந்தால் அலுவலகத்துக்கு அது நல்ல வழி. பஸ்ஸுக்கு ஆகாது. காது திறந்திருப்பதால் இரைச்சல் முழுவதும் கேட்கும், ஒலியைக் கூட்டுவீர்கள். எலும்பு வழியாகப் போனாலும் போய்ச் சேருவது அதே காக்ளியாவுக்குத்தான்.

புளூடூத் பயம்

இதற்கு நீளமான பதில் தேவையில்லை. புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில், மில்லிவாட் அளவிலான மிகக் குறைந்த சக்தியில் இயங்குகிறது. மரபணுவை உடைக்கும் ஆற்றல் எக்ஸ்ரே போன்ற கதிர்களுக்கு உண்டு, இதற்கு இல்லை. போனையே காதில் ஒட்டிவைத்துப் பேசுவதைவிட இதன் சக்தி மிகவும் குறைவு. அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் ஒயர் உள்ளதை வாங்குங்கள், அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

மகளுக்கு

குழந்தைகளுக்கான வார அளவு இன்னும் குறைவு: 75 டெசிபலில் 40 மணி நேரம். குழந்தைகளுக்கென்று விற்கும் ஒலிவரம்புள்ள ஹெட்போன்களில் பெரும்பாலும் 85 டெசிபல் உச்சம் என்று போட்டிருக்கும். அதை வாங்கிக் கொடுத்துவிட்டு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேள் என்று விட முடியாது என்பதை மேலே போட்ட கணக்கே சொல்லும். இருந்தாலும் வரம்பில்லாததைவிட வரம்புள்ளது மேல். அவளுக்குக் காதில் தொந்தரவு எதுவும் இல்லை என்பதால் ஹெட்போனா இயர்பட்ஸா என்பதை அவளே முடிவு செய்யட்டும். போனில் உச்சவரம்பை நீங்கள் வைத்துக் கடவுச்சொல் போட்டுவிடுங்கள். உங்கள் இயர்பட்ஸை மட்டும் அவளுக்குக் கொடுக்க வேண்டாம், வலது காது குணமாகும்வரை கண்டிப்பாக வேண்டாம். அவள் ஹெட்போன் போட்டிருக்கும்போது கை நீட்டும் தூரத்திலிருந்து சாதாரணமாகப் பேசிப் பாருங்கள். அவளுக்குக் கேட்கவில்லை என்றால் சத்தம் கூடுதல்.

எப்போது காத்திருக்கக் கூடாது

அரிப்புக்கு இந்த வாரத்துக்குள் ஒருநாள் போனால் போதும். கடலூர் அரசு தலைமை மருத்துவமனை உங்கள் மஞ்சக்குப்பத்திலேயே இருக்கிறது, அங்கே காது மூக்கு தொண்டைப் பிரிவு உண்டு. புதுச்சேரியில் கோரிமேடு ஜிப்மரிலும் உண்டு. ஆனால் ஒரு காது திடீரென்று, ஒரே நாளில், கேட்காமல் போனால் அதைக் குறும்பி என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே போங்கள். ஸ்டீராய்டு சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன், முதல் மூன்று நாளுக்குள் என்றால் நல்லது. துர்நாற்றத்தோடு சீழ், தலைசுற்றல், முகம் ஒருபக்கம் கோணுவது, காய்ச்சலோடு காதுக்குப் பின்னால் வீக்கம் ஆகியவையும் அப்படித்தான். சீழ் வடிந்த வரலாறு உள்ள காது என்பதால் இவற்றை உங்களுக்குக் கூடுதலாக அழுத்திச் சொல்கிறேன்.

போகும்போது கேட்கும் திறன் சோதனையும் செய்துகொள்ளுங்கள். சத்தமில்லாத அறையில் உட்காரவைத்து, மெல்லிய ஒலிகளைக் கேட்கச் செய்து, வரைபடமாகக் கொடுப்பார்கள். வலி கிடையாது, அரை மணி நேரத்தில் முடியும். சத்தத்தால் பாதித்த காதின் வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். பள்ளம் இல்லை என்றால் நிம்மதி, இருந்தால் இனி கூடாமல் பார்த்துக்கொள்ள அந்தத் தாள் உதவும். பத்திரமாக வைத்திருங்கள், அடுத்த வருடத் தாளோடு ஒப்பிடத்தான் அது.

சோதனைக்கு முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து காதில் பாட்டு வேண்டாம், களைத்த காது தவறான முடிவைக் காட்டும். அன்று பஸ்ஸில் போனால் பஞ்சுக்குப் பதில் மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பானை இடது காதில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, குறைந்தது இரண்டு நாள் முன்பிருந்தே வலது காதில் எண்ணெய் விடக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். எண்ணெய் நிறைந்திருந்தால் செவிப்பறை தெரியாது, சுத்தம் செய்துவிட்டு இன்னொரு நாள் வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.